களுகங்கைக் கரையில் மாணிக்கக் குழி தோண்டுமுன்

இலங்கையின் இரத்தினபுரியில், களுகங்கை ஆற்றங்கரையில் மாணிக்கக் குழி தோண்ட இடம் பார்க்கப் போனால் நான் முதலில் ஆற்றைப் பார்ப்பதில்லை, வீட்டுச் சுவர்களைத்தான் பார்ப்பேன். 2003 மே, 2017 மே வெள்ளங்கள் எதுவரை ஏறின என்று அங்கே குடியிருக்கும் வயதானவர்களிடம் கேளுங்கள், கையோடு காட்டுவார்கள். அந்த அடையாளத்திலிருந்து குழிவாய் வரை நீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயைப் பிடித்து மட்டம் பாருங்கள். குழிவாய் கீழே இருந்தால் மே முதல் செப்டம்பர் வரை அங்கே வேலை வேண்டாம்.

அப்புறம், தோண்டத் தொடங்கியதும் ஊற்றை, அதாவது குழிக்குள் ஊறும் நீரைப் பாருங்கள். எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டு பம்பை அரை மணி நேரம் நிறுத்துங்கள். அடையாளமிட்ட கம்பை இறக்கி நீர் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். 2 மீட்டருக்கு 4 மீட்டர் குழியில் 30 சென்டிமீட்டர் ஏறினால் 2,400 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 80 லிட்டர். உங்கள் பம்ப் 200 லிட்டர் பீப்பாயை நிரப்ப இரண்டு நிமிடம் எடுத்தால் வெயில் நாளுக்குத்தான் சரி. மழைக்கு அதைப்போல் இரு மடங்காவது இறைக்க வேண்டும்.

இறைத்த நீரைக் குழியருகே விடாதீர்கள், மணல் வழியே திரும்பி வந்துவிடும். வண்டல் படியும் தொட்டி வழியாகவே வெளியேற்றுங்கள். மேட்டுப் பக்கம் மழைநீரைத் திருப்ப ஒரு வாய்க்கால் போதும்.

பக்கத்தில் மூடாத பழைய குழி இருக்கிறதா? நான் அதற்குத்தான் அதிகம் பயப்படுவேன். அதில் நிற்கும் நீர் இடைச்சுவரை உடைத்துக்கொண்டு வந்தால் ஏணியைத் தொடக்கூட நேரம் இருக்காது.