இஎஸ்பி32 போர்டு: முதல் நிரல் ஏறுவதற்கு முன் நேரும் தவறுகள்

நாமே நிரல் எழுதி இயக்கும் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் பலகையான இஎஸ்பி32 போர்டைப் புதிதாக வாங்கி லேப்டாப்பில் செருகுகிறோம். சிவப்பு விளக்கு எரிகிறது. ஆனால் நிரல் எழுதி ஏற்றும் மென்பொருளான ஆர்டுயினோ ஐடிஇ-யில், போர்ட் (கணினியின் இணைப்பு வாயில்) பட்டியல் காலியாகக் கிடக்கிறது. பலரும் உடனே ஐடிஇ-யை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள், அதுவும் பலிக்காவிட்டால் போர்டே பழுது என்று ஒதுக்கிவிடுவார்கள். மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தரும்போது நான் முதலில் கேட்பது கேபிளைத்தான். யுஎஸ்பி 2 கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும்: மின்சாரத்துக்கு இரண்டு, தரவுக்கு இரண்டு. மலிவான சார்ஜர்களோடு வரும் சில கேபிள்களில் தரவுக் கம்பிகளே இருக்காது. விளக்கு எரிய மின்சாரம் போதும் என்பதால் பழுது கேபிளில் என்று யாருக்கும் தோன்றாது. அதே கேபிளில் ஒரு செல்போனை லேப்டாப்போடு இணைத்துப் பாருங்கள். போனில் இருக்கும் படங்கள் கணினியில் திறந்தால் கேபிள் நல்லது.

கேபிள் சரி என்றால் அடுத்து டிரைவர், அதாவது போர்டோடு கணினி பேச உதவும் மென்பொருள். போர்டில் யுஎஸ்பி வாயிலுக்குப் பக்கத்தில் யுஎஸ்பி-யைச் சீரியலாக மாற்றும் ஒரு சின்ன சதுர அல்லது நீள்சதுர சிப் இருக்கும். அதன் மேல் எழுதியிருப்பதை போன் கேமராவில் பெரிதாக்கிப் படியுங்கள். பெரும்பாலும் சிபி2102 ஆகவோ சிஎச்340 ஆகவோ இருக்கும். முன்னதைச் செய்வது சிலிக்கான் லேப்ஸ், பின்னதைச் செய்வது டபிள்யூசிஎச். ஒன்றின் டிரைவர் மற்றதற்கு உதவாது. விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால், அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் டிரைவரை இறக்குங்கள். ‘எல்லா டிரைவரும் ஒரே தொகுப்பில்’ என்று கிடைப்பவற்றைத் தொடாதீர்கள்.

லினக்ஸில் டிரைவர் கர்னலோடே வந்துவிடுகிறது. அங்கே சிக்கல் அனுமதியில். உபுண்டு, டெபியன் போன்றவற்றில் உங்கள் பயனர் கணக்கு ‘டயல்அவுட்’ குழுவில் இல்லையென்றால் போர்ட் திறக்காது. குழுவில் சேர்த்தபின் ஒருமுறை லாக்-அவுட் செய்து உள்ளே வர வேண்டும், இதை மறப்பவர்கள் நிறைய. உபுண்டு 22.04-இல் இன்னொன்றும் உண்டு: போர்டைச் செருகியதும் போர்ட் தோன்றி அடுத்த நொடியே மறையும். பார்வையற்றோரின் பிரெய்ல் கருவிகளை இயக்கும் ‘பிஆர்எல்டிடிஒய்’ என்ற சேவை, சிஎச்340 சிப்பைத் தன்னுடைய கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். அதை நீக்கிவிடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கணினியில் பிரெய்ல் கருவியை நம்பியிருப்பவர் யாராவது இருந்தால் தயவுசெய்து நீக்காதீர்கள். செருகும் கருவிகளை லினக்ஸ் அடையாளம் காணப் பயன்படுத்தும் யுடெவ் விதிகளில் அந்தச் சிப்புக்கான ஒரு வரியை மட்டும் முடக்கினால் போதும்.

விண்டோஸ் பயனர் பெயரை ஆசையாகத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் கருவிகள் பயனர் கோப்புறைக்குள்தான் நிறுவப்படுகின்றன. பாதையில் தமிழ் எழுத்தோ இடைவெளியோ வந்தால் சில கருவிகள் கோப்பைக் கண்டுபிடிக்க முடியாமல் நின்றுவிடும். இஎஸ்பி32-ஐச் செய்யும் எஸ்ப்ரெசிஃப் நிறுவனத்தின் சொந்த நிரலாக்கக் கட்டமைப்பான இஎஸ்பி-ஐடிஎஃப் இதில் இன்னும் கண்டிப்பு. கணக்கின் பெயரைப் பின்னால் மாற்றினாலும் கோப்புறையின் பெயர் மாறாது. ஆங்கில எழுத்தில் தனிக் கணக்கு ஒன்று திறப்பதே எளிது. நம் மொழிக்கு இந்த நிலை இருப்பது எனக்கு வருத்தம்தான்.

ஐடிஇ-யின் போர்டு மேனேஜரில் இஎஸ்பி32 தொகுப்பை நிறுவும்போது பல நூறு எம்பி இறங்கும். ஹாஸ்டலில் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி இறக்கினால், ‘டெட்லைன் எக்ஸீடட்’ என்று பாதியில் அறுந்துபோகலாம். தொகுப்பில் கோளாறு இல்லை, ஐடிஇ காத்திருக்கும் நேரம் தீர்ந்துவிட்டது, அவ்வளவே. ஐடிஇ உள்ளே பயன்படுத்தும் ஆர்டுயினோ சிஎல்ஐ என்ற கருவியின் யாம்ல் அமைப்புக் கோப்பில் நெட்வொர்க் இணைப்புக் காத்திருப்பை 300 நொடியாக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்.

இனி, அதிகம் பேரை அழவைக்கும் இடம். 2024-இல் இந்தத் தொகுப்பின் 3.0 பதிப்பு வந்தது, பல கட்டளைகள் மாறிப்போயின. அதற்கு முன் எழுதிய பாடங்களும் யூடியூப் காணொளிகளும் இன்னும் அப்படியே இருக்கின்றன. எல்இடி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய நிரலில் ‘எல்இடிசி செட்டப்’, ‘எல்இடிசி அட்டாச் பின்’ என்று இரண்டு கட்டளைகள் இருக்கும். 3.0-இல் அவை இல்லை. ‘எல்இடிசி அட்டாச்’ என்ற ஒன்றே இரண்டின் வேலையையும் செய்கிறது. கம்பைலர் பிழை காட்டுவதால் இதைத் திருத்திவிடலாம். ஆபத்து அடுத்த வரியில் இருக்கிறது. ‘எல்இடிசி ரைட்’ என்ற பெயர் மாறவில்லை, ஆனால் அதன் முதல் எண்ணின் பொருள் மாறிவிட்டது. முன்பு அது சேனல் (சிப்புக்குள் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் வழி) எண், இப்போது பின் (விளக்கை இணைக்கும் கால்) எண். பழைய நிரலில் அங்கே 0 என்றிருந்தால் அது இப்போது 0-ஆம் பின்னைக் குறிக்கும். கம்பைலர் ஒன்றும் சொல்லாது, விளக்கும் எரியாது. பாடம் 2-ஆம் வரிசைப் பதிப்புக்கு எழுதியது என்று தெரிந்தால், போர்டு மேனேஜரிலேயே 2.0.17-ஐத் தேர்ந்து நிறுவிக் கற்பதில் தவறே இல்லை. ஐடிஇ-க்கு மாற்றான பிளாட்ஃபார்ம்ஐஓ பயன்படுத்துவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதன் அதிகாரபூர்வ இஎஸ்பி32 தொகுப்பு 2-ஆம் வரிசையிலேயே நின்றுவிட்டதால், நண்பரின் ஐடிஇ-யில் ஓடும் நிரல் உங்களிடம் கம்பைல் ஆகாமல் போகலாம்.

போர்டு தேர்விலும் நிதானம் வேண்டும். இஎஸ்பி32, எஸ்3, சி3 மூன்றும் ஒரே குடும்பம், ஆனால் ஒரே சிப் அல்ல. முதல் இரண்டின் செயலி வகை எக்ஸ்டென்சா, சி3-உடையது ரிஸ்க்-5. ஒன்றுக்குக் கம்பைல் செய்தது மற்றதில் ஓடாது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், உலோக மூடியின் மேல் பொறித்திருப்பதைப் படித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். எஸ்3, சி3 சிப்புகளின் சொந்த யுஎஸ்பி வழியே இணைக்கும் போர்டுகளில், டூல்ஸ் மெனுவில் ‘யுஎஸ்பி சிடிசி ஆன் பூட்’ என்பதை இயக்க மறந்தால் நிரல் ஏறும், போர்டு அனுப்பும் எழுத்துகளைக் காட்டும் சீரியல் மானிட்டர் மட்டும் வெறுமையாக இருக்கும்.

நிரல் ஏற்றும்போது ‘கனெக்டிங்’ என்று வந்து புள்ளிகள் நீண்டுகொண்டே போனால், போர்டிலுள்ள ‘பூட்’ பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். எழுதத் தொடங்கியதும் விட்டுவிடலாம். ரீசெட் ஆகும் கணத்தில் 0-ஆம் பின் (சி3-இல் 9-ஆம் பின்) தாழ்நிலையில் இருந்தால்தான் சிப் நிரலை ஏற்கும் நிலைக்குப் போகும். அதைத் தானாகச் செய்யும் சுற்று சில போர்டுகளில் சரியாக வேலை செய்வதில்லை. ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தச் சலிப்பாக இருந்தால், சிப்பை ரீசெட் செய்யும் இஎன் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ‘ஆக்சஸ் டினைடு’ என்று வந்தால், அதே போர்ட்டை வேறொரு மென்பொருள் திறந்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, முதல் சோதனைக்கு, போர்டிலுள்ள விளக்கை மினுக்கும் ‘பிளிங்க்’ நிரலைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு தவறுதான். ‘இஎஸ்பி32 டெவ் மாட்யூல்’ என்ற பொதுத் தேர்வில் போர்டு விளக்கு எந்தப் பின்னில் இருக்கிறது என்ற வரையறையே இல்லை, சில போர்டுகளில் அந்த விளக்கே கிடையாது. அதற்குப் பதில், சிப்பின் பெயரை நொடிக்கு ஒருமுறை சீரியலில் அச்சிடும் நான்கு வரி நிரலை ஏற்றுங்கள். நிரலிலும் மானிட்டரிலும் வேகம் 115200 என்றே இருக்கட்டும். பூட் ஆகும்போது சிப் தானே சொல்லும் செய்திகளும் அந்த வேகத்தில்தான் வரும், மானிட்டர் 9600-இல் இருந்தால் குப்பை எழுத்துகளாகத் தெரியும். அந்த ஒரு வரி திரையில் ஒழுங்காக வந்துவிட்டால் கேபிள், டிரைவர், தொகுப்பு, போர்டு தேர்வு நான்கும் சரி. அப்போதே நிரலின் தலைப்பில் தொகுப்பின் பதிப்பு எண்ணையும் தேர்ந்த போர்டின் பெயரையும் ஒரு குறிப்பாக எழுதி வைத்துவிட்டு, சென்சாரைக் கையில் எடுங்கள்.