கொரோனா கர்வை நாமளே வரைஞ்சு படிக்கிறது எப்படி? (தமிழ்நாடு 2020-21 டேட்டாவோட)

கொரோனா கேஸ் "பீக் (உச்சம்) தாண்டிடுச்சு"ன்னு நியூஸ்ல சொன்னா அது நிஜமான்னு நாமளே பாத்துக்கலாம், ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். நான் லிப்ரே ஆபீஸ் கால்க்-லதான் போடுவேன், இலவசம், சார்ட்டும் சொன்ன பேச்சு கேக்கும். எக்செல் இருந்தா அதுவும் ஓகே. மொபைல்ல மட்டும் வேணாங்க.

ஸ்டெப் 1: தேதிக்கு ஒரு காலம் (நெடுவரிசை), அன்னைக்கு வரைக்குமான மொத்த கேஸுக்கு ஒரு காலம். மாநிலவாரி டேட்டாவுக்கு தன்னார்வலர்கள் நடத்துன கோவிட்19இந்தியா தளத்தோட சிஎஸ்வி ஃபைல்தான் (ஸ்ப்ரெட்ஷீட்ல திறக்கிற அட்டவணை) என் சாய்ஸ். 2021 அக்டோபர் 31-ஓட அப்டேட் நின்னுடுச்சு, நமக்கு வேண்டிய ரெண்டு அலையும் அதுல இருக்கு.

ஸ்டெப் 2: இன்னைக்கு மொத்தத்துல இருந்து நேத்து மொத்தத்தை கழிங்க, வர்றதுதான் அன்னைக்கு புது கேஸ். மொத்தக் கோடு இறங்கவே இறங்காது, அதை வெச்சு அலையைப் பாக்க முடியாது.

ஸ்டெப் 3: 7 நாள் சராசரி. ஞாயித்துக்கிழமை டெஸ்ட் கம்மியாகறதால வர்ற பள்ளம் இதுல சமமாகிடும். கடைசி 7 நாளை எடுத்தா கோடு சுமார் 3 நாள் பின்தங்கும், அதனால பழைய டேட்டான்னா அந்த நாளோட முன்னாடி 3, பின்னாடி 3 எடுங்க.

ஸ்டெப் 4: லாக் ஸ்கேல். எல்லாரும் சிக்குற இடம் இதுதான், கொஞ்சம் நிதானமா படிங்க. ஒய் ஆக்சிஸ் செட்டிங்ல லாகரித்மிக்-னு டிக் பண்ணதும் 1,000-ல இருந்து 2,000 போற உயரமும் 10,000-ல இருந்து 20,000 போற உயரமும் ஒண்ணாயிடும், அதாவது இனிமே நீங்க பாக்குறது எத்தனை கேஸ் கூடுச்சுன்னு இல்ல, எத்தனை மடங்காச்சுன்னு. கோடு நேரா ஏறுனா ஒரே வேகத்துல பெருகுது, ஏறிக்கிட்டே கீழ்ப்பக்கமா வளைஞ்சா கேஸ் கூடினாலும் வேகம் குறையுது, பீக் வர்றதுக்கு முன்னாடியே இந்த வளைவு தெரிஞ்சிடும். சாதா ஸ்கேல்ல இது கண்ணுக்கே படாது.

கணக்கு போட்டுப் பாருங்க: 2021 ஏப்ரல் 18-ல தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 10,723 புது கேஸ், மே 21-ல 36,184. 33 நாள்ல 3.4 மடங்கு, அப்படின்னா இரட்டிப்பாக சுமார் 19 நாள் (33 × log 2 ÷ log 3.4). இதே கணக்கை வாரம் வாரம் போட்டு அந்த நாள் எண்ணிக்கை நீளுதான்னு பாருங்க, நீண்டா நல்ல சேதி. இந்தியாவோட பீக் மே 6-லயே வந்துடுச்சு (4,14,188), நமக்கு ரெண்டு வாரம் கழிச்சுதான். அதனால நாட்டுக் கோட்டைப் பாத்து நம்ம ஊருக்கு முடிவு பண்ணாதீங்க.

இன்னொண்ணு, மணி வடிவத்தை எதிர்பாக்கவே வேணாம். முதல் அலையில 2020 ஜூலை 27-ல 6,993 தொட்டதுக்கு அப்புறம் ஆகஸ்ட், செப்டம்பர் முழுக்க ஐயாயிரத்துக்கு மேலயே மேஜை மாதிரி தட்டையா கிடந்துச்சு. ரெண்டாவது அலை சரசரன்னு ஏறி, ஜூன் கடைசில 5,000-க்கு கீழ வந்துடுச்சு. ஊரடங்கு, டெஸ்ட், வைரஸ் வகை எல்லாம் மாறிக்கிட்டே இருக்கும்போது நார்மல் கர்வை (அந்த மணி வடிவக் கோட்டை) மேல ஒட்டி "இந்தத் தேதியில முடியும்"னு சொல்றவங்களை நம்பாதீங்க.

அப்டேட்: இறப்பு கோடு 2021 ஜூன்ல ஒரு வாரம் திடீர்னு தூக்கி நிக்குதேன்னு கமெண்ட்ல சிலர் கேட்டிருந்தீங்க. நீங்க வரைஞ்சது இந்தியா டேட்டா. பீகார் விட்டுப்போன 3,951 இறப்பை ஒரே நாள்ல சேத்துச்சு, அதான் ஜூன் 10-ல 6,148-னு வந்துச்சு. 7 நாள் சராசரியில அது தினம் 564-ஆ பிரிஞ்சு ஒரு வாரம் உக்காந்துக்கும். அந்த இடத்துல சராசரிக்குப் பதிலா மீடியன் (7 நாள் எண்ணை வரிசையா அடுக்குனா நடுவுல வர்றது) போடுங்க, சரியாயிடும். ஸ்டெப் 2-ல கழிச்சதுல மைனஸ் வந்தாலும் இதே மாதிரி கணக்குத் திருத்தம்தான், அந்த செல்லை காலியா விடுங்க, பூஜ்யம் போட்டா லாக் ஸ்கேல்ல வராது.