படப்பிடிப்பில் ஒலிப்பதிவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

படப்பிடிப்புத் தளத்தில் ஒலி கெடுவதற்குக் கருவியைவிடத் தூரமே பெரும்பாலும் காரணம். நடிகரின் வாய்க்கும் மைக்குக்கும் இடைப்பட்ட தூரம் இரட்டிப்பானால், திறந்த வெளியில் குரலின் அளவு 6 டெசிபல் குறையும். அறைக்குள்ளோ, குரல் குறைந்தாலும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஏறத்தாழ அப்படியே நிற்பதால், வசனம் கிணற்றுக்குள்ளிருந்து பேசியதுபோல் பதிவாகிறது. அப்போது கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, ஏற்றிச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பதுதான் புதியவர்களின் முதல் தவறு. கெயின் குரலோடு எதிரொலியையும் மின்விசிறி இரைச்சலையும் சேர்த்தே உயர்த்தும். நீண்ட கோலில் பொருத்திய பூம் மைக்கை அதன் நுனி கேமராவின் சட்டகத்துக்குள் தெரியும்வரை மெல்ல இறக்கி, கேமராக்காரர் குரல் கொடுத்ததும் சற்றே மேலேற்றி நிறுத்துவதே சரியான வழி. குழல்போல் நீண்ட ஷாட்கன் மைக் தொலைவிலுள்ள குரலை இழுத்துத் தரும் என்பதும் வீண் நம்பிக்கையே. அது பக்கவாட்டு ஒலியைக் குறைக்கிறதே தவிர, எதையும் அருகில் கொண்டுவருவதில்லை. தாழ்ந்த கூரையுள்ள சிறிய அறையில் முன்பக்க ஒலியையே முதன்மையாகப் பிடிக்கும் குட்டையான ஹைப்பர்கார்டியாய்டு மைக்கின் பதிவு பல நேரங்களில் ஷாட்கனைவிட நன்றாகக் கேட்கும்.

மிக மெல்லிய ஒலி முதல் மிக உரத்த ஒலி வரை பதிவுசெய்யும் 32 பிட் ஃப்ளோட் பதிவுக்கருவி வந்தபின் ஒலி அளவைக் கவனிக்க வேண்டியதில்லை என்று சிலர் சொல்கிறார்கள். கருவிக்குள் ஒலி வெட்டுப்படாது என்பது உண்மைதான். ஆனால் நடிகர் அலறும்போது மைக்கோ வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரோ ஏற்கெனவே தாங்காமல் சிதைத்து அனுப்பிய ஒலியை எந்தக் கோப்பு வடிவமும் மீட்டுத் தராது.

சொற்குழப்பத்தால் நேரும் சேதமும் குறைவில்லை. ரூம் டோன் என்பது யாரும் பேசாத அந்த அறையின் ஒலி; வைல்டு டிராக் என்பது கேமரா ஓடாதபோது தனியாக எடுக்கும் வசனமோ சத்தமோ. ஒன்றைக் கேட்டால் மற்றொன்றை எடுத்துத் தருவது அடிக்கடி நடக்கிறது. ரூம் டோனை 30 விநாடி முதல் ஒரு நிமிடம் வரை எடுக்கலாம். ஆனால் அதே மைக், அதே விளக்குகள், அதே ஆட்கள் இருக்கும்போதே எடுக்க வேண்டும். எல்லோரும் கிளம்பி விளக்கையும் அணைத்தபின் எடுத்தால், அது வேறோர் அறையின் ஒலியாகிவிடும், படத்தொகுப்பில் வசனங்களுக்கு இடையே பொருந்தாது.

படத்திலும் ஒலியிலும் பதியும் நேர எண்ணான டைம்கோடு இருந்தால் படமும் ஒலியும் விலகாது என்று எண்ணுவதும் தவறு. டைம்கோடு ஒரு முகவரி மட்டுமே. வேகத்தை அது கட்டுப்படுத்தாது. விநாடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்) என்று ஒருவரும் 23.976 என்று மற்றவரும் புரிந்துகொண்டு வேலை செய்தால், 0.1 சதவீத வேறுபாடு 10 நிமிடத்தில் 0.6 விநாடியாக, அதாவது சுமார் 14 சட்டகங்களாக வளர்ந்துவிடும். ஒலிக்கு, விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்ற சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ், ஒவ்வோர் அளவீட்டின் நுட்பம் 24 பிட் என்பது படத்துறையில் பொதுவான அளவு. சட்டக வேகத்தை மட்டும் முதல் ஷாட்டுக்கு முன்பே கேமராக் குழுவிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரைச்சலுக்காக அணைத்த குளிர்பதனப் பெட்டியை மீண்டும் போட மறப்பவர்கள் உண்டு. வாகனச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிட்டால், வீட்டுக்குக் கிளம்பும்போது தானாக நினைவு வந்துவிடும்.

தொடக்கத்தில் கிளாப் தவறிப்போனால் ஷாட்டை நிறுத்தத் தேவையில்லை. கட் சொல்வதற்கு முன் பலகையைத் தலைகீழாகப் பிடித்து இறுதி கிளாப் அடித்து, அதை ஒலி அறிக்கையிலும் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் படத்தொகுப்பாளர் அதைக் கோப்பின் தொடக்கத்தில்தான் தேடிக்கொண்டிருப்பார்.