ரிவர் சிட்டி ரான்சம்: முதலில் கடை, அப்புறம் சண்டை

இந்த கேமில் அடிபட்டு விழுந்தால் கையிலிருக்கும் காசில் பாதி போய்விடும். மிச்சப் பாதியோடு கடைசியாகப் போன கடைத்தெருவில் எழுந்து நிற்பீர்கள். உயிர் எண்ணிக்கை கிடையாது, ‘கேம் ஓவர்’ என்று வீட்டுக்கு அனுப்பவும் மாட்டார்கள். போவது காசு மட்டும்தான். அந்தக் காசுதான் உங்கள் குத்து, உதை, தெம்பு எல்லாமே. ஆகவே முதல் விதியை இப்போதே மனதில் வையுங்கள்: பெரிய சண்டைக்குப் போகுமுன் காசைச் செலவழித்துவிடுங்கள்.

டெக்னோஸ் ஜப்பான் நிறுவனம் 1989ல் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கேம் கருவிக்காகச் செய்த கேம் இது. ஜப்பானில் குனியோ, ரிகி என்று பள்ளிச் சீருடையில் இரண்டு மாணவர்கள். 1990ல் அமெரிக்காவுக்கு வந்தபோது சீருடை போய் டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் ஏறின, பெயர்களும் அலெக்ஸ், ரயன் என்று மாறின. ஐரோப்பாவில் ‘ஸ்ட்ரீட் கேங்ஸ்’ என்ற பெயரில் விற்றார்கள். ஸ்லிக் என்பவன் ரிவர் சிட்டி ஹைஸ்கூலைப் பிடித்துக்கொண்டு ரயனின் காதலி சிண்டியைக் கடத்தி வைத்திருக்கிறான். ஊரைக் கடந்து போய் அவளை மீட்க வேண்டும். இன்றைக்கு விளையாட சுலபமான வழி ஸ்விட்ச் கருவிக்கான சந்தா சேவை, நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன். அதன் பழைய என்.இ.எஸ். (ஃபேமிகாமின் அமெரிக்கப் பெயர்) கேம் வரிசையில் இது இருக்கிறது. தொடங்கும்போது கேட்கும் இரண்டு நிலைகளில் புதியவர்களுக்கான ‘நாவிஸ்’ எடுங்கள்.

கையும் காலும்

ஒரு பட்டன் குத்து, இன்னொன்று உதை. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் குதி. ஒரே திசையை டக்டக்கென்று இருமுறை தட்டினால் ஓட்டம். இவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டு பட்டன் குதிதான் புதிதாக வருபவர்களைப் படுத்தும். ஒரு பட்டன் சற்று முந்திவிட்டால் குதிப்பதற்குப் பதில் வெறுங்காற்றில் குத்து விழும், அந்த நேரத்தில் எதிராளி உங்களை அடித்துவிடுவான். கட்டைவிரலைப் படுக்கவைத்து இரண்டு பட்டன்களையும் ஒன்றாக மூடி அழுத்திப் பழகுங்கள். முதல் தெருவில் யாரையும் அடிக்காமல் பத்து நிமிடம் ஓடி ஓடிக் குதித்தாலும் அது வீணில்லை.

தெருவுக்கு முன்னும் பின்னும் ஆழம் உண்டு. எதிராளி நிற்கும் அதே வரிசையில் நீங்களும் இருந்தால்தான் அடி படும், அவன் அடியும் அப்படித்தான். நேர்வரிசையில் நடந்துபோனால் அவன் முந்திக்கொள்வான். சற்று மேலே அல்லது கீழே விலகி நெருங்கி, கடைசி அடி தூரத்தில் அவன் வரிசைக்குள் நுழைந்து அடியுங்கள். இருவர் வந்தால் நடுவில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஓடிப்போய் ஓரத்துக்கு வந்து, இருவரையும் ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே கிடக்கும் எதுவும் ஆயுதம்: சங்கிலி, தடி, கல், டயர், குப்பைத்தொட்டி, மரப்பெட்டி. நீங்கள் எடுக்காவிட்டால் அவன் எடுப்பான், அதனால் புது இடத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலை ஆயுதத்தைக் கைப்பற்றுவது. எறிந்த குப்பைத்தொட்டி சுவரில் மோதித் திரும்பி வரும், அதன் பாதையிலிருந்து விலகி நில்லுங்கள். ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லையா? விழுந்து கிடப்பவனையே தூக்கி அடுத்தவனை அடிக்கலாம். இருவராக விளையாடும்போது கூட்டாளியையும் தூக்கலாம்!

தோற்றவன் ‘பார்ஃப்!’ என்று கத்திவிட்டு மறைவான், அவன் இடத்தில் ஒரு நாணயம் குதிக்கும். அதைச் சட்டென்று எடுங்கள், விட்டால் மறைந்துவிடும். ஒருவனை வீழ்த்திய கையோடு அடுத்தவனைத் துரத்திப் போகும் பழக்கம்தான் பலரை ஏழையாகவே வைத்திருக்கிறது.

முதல் காசு எதற்கு?

புத்தகத்துக்கு. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

தொடக்கத்திலேயே வரும் கடைத்தெரு கிராண்ட் மால். கடைத்தெருவுக்குள் அடியாட்கள் வரமாட்டார்கள், நிதானமாகச் சுற்றலாம். அங்கே புத்தகக் கடையில் ‘ஸ்டோன் ஹேண்ட்ஸ்’, ‘டிராகன் ஃபீட்’ என்று இரண்டு புத்தகங்கள், ஒவ்வொன்றும் 26.95 டாலர். முதலாவது குத்துக்கு, இரண்டாவது உதைக்கு. அதுவரை ஒரு அழுத்தத்துக்கு ஒரு குத்துதான். ஸ்டோன் ஹேண்ட்ஸ் கற்றபின் குத்துகள் அடுக்கடுக்காக விழும், எதிராளி திருப்பி அடிக்க இடைவெளியே இருக்காது. கடையில் சாப்பிட்டு ஏற்றும் உங்கள் திறன் எண்கள் மெல்ல மெல்லத்தான் வித்தியாசம் காட்டும். புத்தகம் அந்த நிமிடமே ஆட்டத்தை மாற்றிவிடும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. புத்தகத்தை வாங்கினால் அது உங்கள் உடைமைகள் பட்டியலுக்குத்தான் போகிறது. மெனுவைத் திறந்து, அதைத் தேர்ந்தெடுத்துப் படித்தால்தான் வித்தை கைக்கு வரும். வாங்கிவிட்டு ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று திரும்பத் தெருவில் அடிவாங்குபவர்கள் உண்டு.

தொடக்கத்து அடியாட்களிடம் சில்லறைதான் தேறும். 27 டாலர் சேர்க்க ஒரு வழி: கடைத்தெருவுக்கு அடுத்த தெருவிலேயே நில்லுங்கள். அங்கிருப்பவர்களை வீழ்த்தி, காசை எடுத்து, திரை ஓரம் வழியாக வெளியேறி, மறுபடி உள்ளே வாருங்கள். புது ஆட்கள் வந்திருப்பார்கள். தெம்பு பாதிக்குக் கீழே இறங்கினால் கடைத்தெருவுக்குள் போய் மலிவாக எதையாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இருபது டாலரோடு விழுந்தால் பத்து போகும். ஒரு டாலர் சாப்பாடு அதைக் காப்பாற்றும்.

இரண்டு புத்தகத்தில் எது முதலில் என்றால் டிராகன் ஃபீட். உதையின் வீச்சு சற்று நீளம், நெருங்காமலே அடிக்கலாம். அப்புறம் ஸ்டோன் ஹேண்ட்ஸ். ஆயுதத்தோடு சண்டைபோடப் பிடித்தவர்களுக்கு ‘கிராண்ட் ஸ்லாம்’, சுழன்று பாய்ந்து அடிக்க ‘அக்ரோ சர்க்கஸ்’. இவை பிறகு போதும்.

சாப்பாட்டுக் கணக்கு

இந்த கேமின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சண்டையில் ஜெயிப்பதால் உங்கள் எண்கள் ஏறுவதில்லை. சாப்பிட்டால்தான் ஏறும், சில கடைகளில் வாங்கும் பொருட்களாலும் ஏறும். குத்து, உதை, ஆயுதம், எறிதல், சுறுசுறுப்பு, தற்காப்பு, பலம், மன உறுதி என்று தனித்தனி எண்கள். இவை ஒவ்வொன்றுக்கும் உச்சம் 63. தெம்பின் உச்சவரம்புக்கு மட்டும் 127. ஆறு பிட்டில் (பிட் என்பது கணினி நினைவகத்தின் மிகச் சிறிய அலகு) அடங்கும் மிகப் பெரிய எண் 63, ஏழு பிட்டில் 127. அந்தக் காலத்துச் சின்ன நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டையும் எண்ணி எண்ணிச் செலவழித்திருக்கிறார்கள்.

எந்தச் சாப்பாடு எதை ஏற்றும் என்று கடைக்காரர் சொல்லமாட்டார். பெயரும் விலையும் மட்டும் பலகையில் இருக்கும். ஆகவே ஒரு நோட்டு வையுங்கள். சாப்பிடும் முன் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து எல்லா எண்களையும் எழுதுங்கள். ஒரே ஒரு பொருளைச் சாப்பிடுங்கள். மறுபடி திறந்து எது கூடியது, எவ்வளவு கூடியது என்று குறியுங்கள். இரண்டு பொருளைச் சேர்த்துச் சாப்பிட்டால் எதனால் எது ஏறியது என்று தெரியாமல் போய்விடும்.

பிறகு விலையைப் புள்ளியால் வகுங்கள். உதாரணத்துக்கு, 3 டாலர் பதார்த்தம் ஒரு புள்ளி ஏற்றுகிறது, 6 டாலர் பதார்த்தம் மூன்று ஏற்றுகிறது என்றால் இரண்டாவதுதான் மலிவு, புள்ளிக்கு 2 டாலர். பலகையில் விலையை மட்டும் பார்ப்பவர்கள் மலிவானதையே தின்றுகொண்டு, வளராமல் நிற்பார்கள். சில பதார்த்தங்கள் இறங்கிய தெம்பை மட்டும் ஏற்றும், வேறெதையும் தொடாது. அவற்றைத் தனியாகக் குறித்து வையுங்கள், அவசரத்துக்கு ஆகும்.

மெர்வ் பர்கர் கடைப் பட்டியலில் ‘ஸ்மைல்’ என்று ஒன்று இருக்கும். விலை 0.00 டாலர். கேட்டுப் பாருங்கள், புன்னகை கிடைக்கும்.

எந்த வரிசையில் ஏற்றுவது? உதை வித்தை கற்றவர் முதலில் உதையையும் தெம்பின் உச்சவரம்பையும் ஏற்றுங்கள், அடுத்து தற்காப்பு, சுறுசுறுப்பு. எறிதல் கடைசியில். ஒரு எண் 63ஐத் தொட்டுவிட்டால் அதற்கான சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் கொடுக்கும் காசு வீண்.

தலைவர்களும் பள்ளிக் கதவும்

ஒவ்வொரு கும்பலுக்கும் ஒரு டி-ஷர்ட் நிறம். நிறத்தைப் பார்த்தே யாரோடு மோதுகிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். ஊர் உள்ளே போகப் போகக் கும்பல் பலசாலியாகும், நாணயமும் கனமாகும். இடையிடையே மூஸ், பிளேட், டர்க், மோஜோ, தார், ஐவன் போன்ற தலைவர்கள் வருவார்கள். இவர்களை விட்டுவிட்டு ஓடிப்போய் ரிவர் சிட்டி ஹைஸ்கூலின் முன் நின்றால் கதவு திறக்காது. கதவு பூட்டியிருந்தால் யாரோ ஒருவர் பாக்கி என்று பொருள். வந்த வழியே திரும்பி நடந்து, ஒவ்வொரு பூங்கா, பாலம், கிடங்காகப் பாருங்கள். யாரை எங்கே வீழ்த்தினீர்கள் என்பதையும் அதே நோட்டில் எழுதிவந்தால் இந்தத் தேடல் மிச்சம்.

வழியில் ஆம்ஸ்ட்ராங் சுரங்கப்பாதை வரும். அதன் சுவரில் கதவு எதுவும் வரைந்திருக்காது. ஆனாலும் சுவரை ஒட்டி நடந்துகொண்டே மேல் திசையை அழுத்திப் பாருங்கள். ஓரிடத்தில் உள்ளே இழுத்துக்கொள்ளும். அது மெர்லினின் ரகசியக் கடை. விலை எல்லாம் தலைசுற்றும், எண்களும் அதற்கேற்ப எகிறும். காசோடு போங்கள், வெறுங்கையோடு வெளியே வாருங்கள்.

இருவராக விளையாடினால் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் கூட்டாளியின் அடி உங்கள்மேல் படாது, மற்றதில் படும். டிராகன் ஃபீட் இருவரிடமும் இருக்கும்போது இரண்டாவது முறை சண்டையில் முடியும். முதல் முறையிலேயே தொடங்குங்கள்.

நிறுத்தும்போது பாஸ்வேர்ட் வரும்: வரிக்கு 11 எழுத்து, மூன்று வரி, மொத்தம் 33. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண் எல்லாம் கலந்திருக்கும். ஒன்று தவறினாலும் ஏற்காது. கையால் எழுதாமல் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சில் ஆடுபவர்களுக்கு நடுவிலேயே சேமிக்கும் வசதி இருப்பதால் இந்தத் தொல்லையே இல்லை.

பள்ளிக்குள் நுழையுமுன் கடைசியாக ஒருமுறை கடைத்தெருவுக்குப் போய், தெம்பை முழுதாக நிரப்பி, எடுத்துப்போகக்கூடிய சாப்பாட்டை உடைமைப் பட்டியலில் அடுக்கிக்கொள்ளுங்கள். உள்ளே இசை திடீரென்று மாறும். அதே டெக்னோஸின் இன்னொரு கேமான ‘டபுள் டிராகன்’ இசை அது. ராண்டி, ஆண்டி என்ற இரட்டையர் வருகிறார்கள் என்று அர்த்தம். இருவருக்கும் நடுவில் நிற்காதீர்கள், ஒருவனை முழுசாக முடித்துவிட்டு அடுத்தவனிடம் போங்கள். அவர்கள் விழுந்ததும் மெனுவைத் திறந்து கையிலிருக்கும் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். அடுத்து ஸ்லிக்.