ஆடியோ சிடியைப் பிசகில்லாமல் ரிப் செய்ய எந்த டிரைவ்?

கணினிக்கு உள்ளே மாட்டிய டிரைவ்தான் சுத்தமாகப் படிக்கும், யுஎஸ்பி டிரைவ் ஓசையைக் கெடுத்துவிடும் என்று பலர் இன்னமும் நம்புகிறார்கள். வீடு நிறையக் கச்சேரி சிடிகளும் பழைய சினிமாப் பாட்டு சிடிகளும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ரிப் செய்துவருகிறேன், அதாவது அவற்றில் உள்ளதைக் கணினியில் கோப்புகளாக எடுத்துவருகிறேன். டிரைவ் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதால் துல்லியம் மாறுவதில்லை. அந்த மாடல் எப்படிப் படிக்கிறது, படித்ததை நாம் எப்படிச் சரிபார்க்கிறோம் என்ற இரண்டும்தான் முக்கியம்.

யுஎஸ்பியின் வேகம் போதாது என்ற பயமும் வேண்டாம். ஆடியோ சிடியில் ஒரு நொடிக்கு 1,76,400 பைட். பாட்டு ஓடும் வேகத்தைப் போல 48 மடங்கு வேகத்தில் படித்தாலும் நொடிக்கு எட்டரை மெகாபைட்தான். பழைய யுஎஸ்பி 2.0 கூட அதைத் தாராளமாகத் தாங்கும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கோப்புகள் உள்ள சிடியில் 2,352 பைட் கொண்ட ஒரு செக்டாரில் (டிரைவ் ஒரு தடவையில் படிக்கும் துண்டு) 2,048 பைட்தான் தகவல். மிச்சம் முகவரிக்கும் கூடுதல் பிழைதிருத்தத்துக்கும். ஆடியோ சிடியில் அந்த 2,352 பைட்டும் ஓசைக்கே போய்விடுகிறது. கீறலால் சில மாதிரிகள் (ஓசையின் அளவைக் குறிக்கும் எண்கள்) கிடைக்காமல் போனால், டிரைவ் அக்கம்பக்கத்து மதிப்புகளை வைத்து இட்டு நிரப்பிவிட்டுச் சத்தமில்லாமல் மேலே போகும். பாட்டு ஓடும், பிழைச் செய்தியே வராது. அதனால்தான் சாதாரண மீடியா பிளேயர் மென்பொருளில் ரிப் செய்ததை நான் நம்புவதில்லை.

இப்போது டிரைவ். கடையில் ‘எக்ஸ்டர்னல் டிவிடி ரைட்டர்’ என்று கிடைக்கும் மெலிந்த பெட்டிக்குள் இருப்பது லேப்டாப் டிரைவ்தான். யுஎஸ்பி தரும் 5 வோல்ட்டிலேயே ஓடும், சிடியை அதிகபட்சம் 24 மடங்கில் படிக்கும். நல்ல நிலையில் உள்ள சிடிக்கு இது போதும். ஆனால் ஹப்பில் செருகாதீர்கள், கணினியின் போர்ட்டிலேயே நேராகச் செருகுங்கள். மின்சாரம் போதாவிட்டால் டிரைவ் சுழல ஆரம்பித்து நின்று, மறுபடி சுழலும். அதைச் சிடியின் கோளாறு என்று நினைத்துவிடுவோம். டெஸ்க்டாப்புக்குள் சாட்டா கேபிளில் மாட்டும் பெரிய டிரைவுக்கு 12 வோல்ட்டும் வேண்டும். அதன் கட்டுமானம் கனமானது, கீறல் விழுந்த சிடிகளை என் அனுபவத்தில் அதுதான் நன்றாகச் சமாளிக்கிறது. இப்போது வரும் கேபினெட்டுகளில் அதை மாட்ட இடமே இருப்பதில்லை. தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி பெட்டி ஒன்று வாங்கி, பழைய கணினியிலிருந்து கழற்றிய டிரைவை அதில் போட்டுக்கொள்ளுங்கள். என் தேர்வு இதுதான்.

மென்பொருளுக்கு வருவோம். விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி, லினக்ஸில் விப்பர்; மூன்றும் இலவசம். எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் செக்யூர் மோடைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு செக்டாரையும் குறைந்தது இரண்டு முறை படித்து ஒப்பிடும். ஒத்துவராவிட்டால் 82 முறை வரைகூடப் படிக்கும். ஆனால் டிரைவ் சற்றுமுன் படித்துத் தன் கேஷ் எனும் தற்காலிக நினைவகத்தில் வைத்திருப்பதையே திருப்பித் தந்தால் இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. ஆகவே டிரைவ் அமைப்பில் ‘ஆடியோவை கேஷ் செய்கிறது’ என்பதை டிக் செய்யுங்கள். படிக்கும்போது நேர்ந்த பிழையை டிரைவே தெரிவிக்கும் சி2 பிழைச் சுட்டியை அணைத்துவிடுங்கள். எல்லா டிரைவும் அதை உண்மையாகத் தெரிவிப்பதில்லை.

அப்புறம் ஆஃப்செட். ஒவ்வொரு மாடலும் சில மாதிரிகள் முன்னேயோ பின்னேயோ தள்ளிப் படிக்கும். ஒன்றுக்கு +6, இன்னொன்றுக்கு +667 என்று திருத்தம் வேறுபடும். காதுக்கு இது தெரியாது. ஆனால் இதைச் சரிசெய்யாவிட்டால் இரண்டு டிரைவில் எடுத்த கோப்புகளின் சிஆர்சி எண்கள் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்கள்) ஒத்துப்போகாது. பலரிடம் இருக்கும் பிரபலமான சிடி ஒன்றைப் போட்டால், பலர் எடுத்த ரிப்களின் சரிபார்ப்பு எண்களைச் சேர்த்து வைத்திருக்கும் அக்யுரேட்ரிப் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு மென்பொருளே ஆஃப்செட்டைக் கண்டுபிடித்துவிடும்.

அதே தரவுத்தளம்தான் மற்றவர்கள் எடுத்த ரிப்போடு நம்முடையதை ஒப்பிட்டு, சரியா தவறா என்றும் சொல்கிறது. நம் சிடிகளுக்கு வரும்போதுதான் கை விரிக்கிறது. என்னிடம் உள்ள கச்சேரி சிடிகள் பலவற்றுக்கு அதில் பதிவே இல்லை. அப்படிப்பட்ட சிடியை ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ முறையில் எடுங்கள், ஒரே டிராக்கை இரண்டு முறை ஓட்டிப் படிக்கும். இரண்டு ஓட்டத்தின் சிஆர்சியும் ஒத்துப்போக வேண்டும். பிறகு வேறு கம்பெனியின் டிரைவில் போட்டு மறுபடி எடுங்கள். ஒரே மாடல் இரண்டு முறையும் ஒரே தவறைச் செய்யலாம். வெவ்வேறு கம்பெனி டிரைவ்கள் அதே தவறில் போய் நிற்பது அபூர்வம். எக்ஸ்டர்னல் ஒன்றும் இன்டர்னல் ஒன்றும் கைவசம் இருந்தால் உண்மையான லாபம் இதுதான். ஒரு டிரைவ் திணறும் டிராக்கை இன்னொன்று சுலபமாகப் படித்துவிடுவதும் உண்டு.

படிக்க மறுக்கும் சிடியை முதலில் மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம். பிறகு வேகத்தை 8 அல்லது 4 மடங்குக்குக் குறைத்துப் பாருங்கள். பெயர் அச்சிட்ட பக்கத்தையும் கவனியுங்கள். பளபளக்கும் உலோகப் படலம் அந்த அச்சுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. அங்கே விழுந்த கீறலைப் பாலிஷ் போட்டுச் சரிசெய்ய முடியாது.

கச்சேரி சிடிகளில் ஆலாபனை முடிந்து கிருதி தொடங்கும் இடத்தில் டிராக் மாறும், நடுவில் மௌனமே இருக்காது. எம்பி3-ஆக மாற்றினால் அந்த இடத்தில் சின்ன இடைவெளி விழக்கூடும். தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவில் எடுத்தால் தொடர்ச்சி அறுபடாது, அளவும் ஏறக்குறைய பாதியாகும். டிராக்குகளுக்கு இடையே உள்ள பகுதியை முந்தைய டிராக்கின் வாலில் சேர்க்கச் சொல்லுங்கள், கைத்தட்டல் அதன் இடத்திலேயே இருக்கும்.

எதை முதலில் எடுப்பது? யாரோ வீட்டில் எழுதிக்கொடுத்த சிடி-ஆர்களை. அச்சில் வார்த்த சிடி போல இல்லாமல், அவற்றில் தகவல் ஒரு சாயப் படலத்தில் பதிந்திருக்கிறது. வெயிலும் வெப்பமும் பட்டால் அது சீக்கிரம் கெட்டுவிடும். உறவினர் திருமணக் கச்சேரி போல வேறெங்கும் பிரதி இல்லாதவை பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கும். எடுத்து முடித்ததும் மென்பொருள் தரும் லாக் கோப்பை அதே ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள், எந்த டிரைவில் எந்த ஆஃப்செட்டில் எடுத்தது என்பது அதிலேயே இருக்கும்.