ஆயில் ஃபில்டர்: வழக்கமாக நடக்கும் தவறுகள்

“ஆயில் மட்டும் மாத்துங்க, ஃபில்டரை அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்.” சர்வீஸுக்கு வண்டி விடும் இடத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. சிறிய கார் ஃபில்டருக்குள்ளேயே கால் லிட்டர் வரை பழைய ஆயில் நிற்கும். ஊற்றிய புது ஆயிலில் அது கலந்துவிடும். ஆனால் பெரிய கேடு அதுவல்ல.

இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம் சில மைக்ரான் தடிமன்தான். தலைமுடியே சுமார் 70 மைக்ரான். 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள தூசி அங்கே புகுந்தால் உப்புத்தாள் போலச் சுரண்டும். சுரண்டிய இரும்புத்தூளும் ஆயிலோடு சுற்றி வந்து மேலும் சுரண்டும். ஃபில்டர் தாள் பிடித்து வைப்பது இதைத்தான்.

தாள் அடைத்துக்கொண்டாலும் ஆயில் ஓட்டம் நிற்காது. மாற்றுவழிக் கதவான பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலே பேரிங்குக்குப் போகும். பிரஷர் விளக்கு எரியாது, சத்தமும் வராது. அதனால்தான் ‘ஓடுதே’ என்று விட்டுவிடுகிறார்கள். 5டபிள்யூ-30 என்ற மெல்லிய ஆயிலைக் கேட்கும் இன்ஜினில் ‘கட்டியா இருந்தா நல்லது’ என்று 20டபிள்யூ-50 ஊற்றினாலும் இதே கதை: கட்டி ஆயில் தாளுக்குள் எளிதில் புகாததால், குளிர்ந்த இன்ஜினில் வால்வு கூடுதல் நேரம் திறந்தே கிடக்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இன்னும் மோசம்.

மரை பொருந்துகிறது என்பதற்காக மலிவு ஃபில்டரை மாட்டுவதும் தவறு. உள்ளிருக்கும் ஆயிலை வடியவிடாமல் பிடிக்கும் ரப்பர் வால்வு அதில் சீக்கிரம் இறுகிப்போகும்; வண்டி நிற்கும்போது ஆயில் வடிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி ‘டகடக’ என்று கேட்டால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

மாட்டும்போது பழைய ஃபில்டரின் கேஸ்கெட் (ரப்பர் வளையம்) இன்ஜினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேல் புதியதை ஏற்றினால் பிரஷரில் பிதுங்கி, சில நிமிடங்களில் ஆயில் முழுவதும் ரோட்டில் கிடக்கும். புது கேஸ்கெட்டில் புது ஆயில் தடவி, கையாலேயே திருகுங்கள். கேஸ்கெட் தொட்ட பிறகு பெரும்பாலும் முக்கால் சுற்று போதும். எத்தனை சுற்று என்பது பெரும்பாலும் ஃபில்டர் மேலேயே அச்சிட்டிருக்கும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அடுத்த முறை கழற்ற முடியாது. முன்கூட்டி ஆயில் நிரப்புவதென்றால் ஓரத்துச் சிறு துளைகளில் ஊற்றுங்கள். நடுத்துளை வடிகட்டிய ஆயில் வெளியேறும் வழி; அதில் ஊற்றினால் டப்பாவிலிருக்கும் தூசி நேரே பேரிங்குக்குத்தான்.

பைக்கில் கதை வேறு. ஸ்ப்ளெண்டர் போன்ற 100 சிசி வண்டிகளில் தாள் ஃபில்டரே கிடையாது. சல்லடையும், சுழற்சியில் கசடை ஒதுக்கும் கிண்ணமும்தான். கிளட்ச் பக்க மூடியைக் கழற்றி அவற்றைச் சுத்தம் செய்யாமல் ஆயிலை மட்டும் மாற்றிக்கொண்டே போனால், பசைபோல் கசடு சேரும். தாள் ஃபில்டர் உள்ள பைக்குகளில் சிலவற்றில் ஃபில்டரைத் திருப்பி மாட்டினால் ஆயில் வழி அடைபட்டு, ஒரே ஓட்டத்தில் இன்ஜின் இறுகி நின்றுவிடும்.

டீசல் வண்டியில் புது ஆயில் சீக்கிரமே கறுத்தால் ஃபில்டரைக் குறை சொல்லாதீர்கள். புகைக்கரி ஒரு மைக்ரானுக்கும் சிறியது, தாளில் நிற்காது.

வேலை முடிந்ததும் ஐடிலில் ஓடவிட்டு, பிரஷர் விளக்கு அணைகிறதா, ஃபில்டர் அடியில் கசிகிறதா என்று பாருங்கள். அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு காட்டும் குச்சி) பார்த்தால், ஃபில்டர் குடித்த அளவு குறைந்திருக்கும். அதை ஊற்றி நிரப்புங்கள். கழற்றிய ஃபில்டரை எறியும் முன் அறுத்துத் தாளை விரித்துப் பாருங்கள். அதிலுள்ள துகள் காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்தில் மின்னினால் பேரிங் தேயத் தொடங்கிவிட்டது. கேஜ் வைத்து ஆயில் பிரஷரைப் பார்த்துவிடுங்கள்.