‘மா’ என்ற ஓரெழுத்துச் சொல்லைப் பல மொழிகளில் தேடும் முறை

மட்டக்களப்பில் ஒரு கடைக்குச் சென்று ‘ஒரு கிலோ மா தாருங்கள்’ என்று கேட்டால், கோதுமை மாவா, அரிசி மாவா என்றுதான் கடைக்காரர் திருப்பிக் கேட்பார். மரத்தையோ பழத்தையோ அவர் நினைக்கவே மாட்டார். அதே சொல் பழைய செய்யுளில் குதிரையாகவும், பழைய கணக்கில் 1/20 பங்காகவும் நிற்கும். இத்தகைய சிறு சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது மொழிக்கு மொழி என்ன பொருள் தருகிறது என்று தொகுப்பது பாடசாலைக் கையெழுத்துச் சஞ்சிகைக்கு மிகவும் ஏற்ற வேலையாகும். எனினும், முறை தெரியாமல் தொகுத்தால் அது வெறும் வேடிக்கைப் பட்டியலாகவே முடிந்துவிடும்.

முதலில் தமிழிலேயே தொடங்க வேண்டும். ஓரெழுத்தொருமொழிகள் 42 என்று நன்னூல் வகுக்கிறது. அவற்றுள் 40 நெடில்கள், ‘நொ’, ‘து’ ஆகிய இரண்டு மட்டுமே குறில்கள். ‘மா’வும் அந்த நாற்பதில் அடங்கும். அதன் ஒவ்வொரு பொருளையும் தனித்தனி அட்டையில் எழுதி, பொருளுக்குச் சான்றாக வழக்கிலுள்ள ஒரு சொல்லையோ வாக்கியத்தையோ கீழே சேர்த்துக்கொள்ளுங்கள். ‘பெரிய’ என்ற பொருளுக்கு மாவட்டம், மாநகர சபை என்பன போதும். ‘விலங்கு’ என்பதற்கு அரிமா உண்டு. ‘மாதம்’ என்பதை ‘மா’, ‘தம்’ என்று உடைத்துப் பொருள் தேடுவது வீண்வேலை, ஏனெனில் அது ‘மாஸ’ என்ற வடசொல்லின் வழியே வந்தது. நம் ஊர்ப் பேச்சில் ‘என்னகா’ என்று இழுக்கும்போது வரும் ‘கா’, சோலையைக் குறிக்கும் ‘கா’ அன்று என்பதும் இவ்வகையிலேயே கவனிக்கத்தக்கது. சொல்லோடு ஒட்டிவரும் விளிக்கும் தனித்து நிற்கும் சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்ளாவிட்டால், பிற்பாடு அட்டைகள் எல்லாம் கலந்துவிடும்.

அடுத்து, அகராதியைத் திறப்பதற்கு முன் அக்கம்பக்கத்தாரைக் கேளுங்கள். இந்த வசதி கிழக்கில் நமக்குத் தாராளமாகவே உண்டு. கேட்கும்போது, ‘உங்கள் மொழியில் மா என்றால் என்ன?’ என்று கேட்காமல், ‘இந்தச் சொல் வரும்படி ஒரு வாக்கியம் சொல்லுங்கள்’ என்று கேட்பதே சரியான வழி. அம்பாறையில் ஒரு சிங்கள நண்பர் ‘மா லங்க’ என்று தொடங்கினால், அந்த ‘மா’ தன்னைக் குறிக்கிறது என்பதும், தொடர் ‘என்னிடம்’ என்று பொருள்படுகிறது என்பதும் உடனே விளங்கும். காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ அரபு படித்த மௌலவி ஒருவரிடம் கேட்டால், ‘உன் பெயர் என்ன?’ என்பதற்குரிய ‘மா இஸ்முக்க’ என்ற தொடரைச் சொல்லலாம். அங்கே அது ‘என்ன’ என்ற வினா. அரபில் அதே ஒலி ‘இல்லை’ என்ற மறுப்பாகவும் வரும். (போலந்து மொழியில் ‘மா’ என்றால் ஒருவரிடம் ஒன்று ‘இருக்கிறது’ என்று பொருள். பக்கத்துப் பக்கத்து அட்டையில் வைத்தால் நன்றாக இருக்கும்.) 1628ஆம் ஆண்டில் மட்டக்களப்பில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரின் மொழியில் ‘மா’ பெண்பாற் பெயர்களோடு வரும்போது ‘கெட்ட’ என்று பொருள்படும், ஆனால் இங்குள்ள பறங்கியர் (ஐரோப்பியர் வழிவந்தோர்) பேசும் போர்த்துக்கேயக் கிரியோல், அதாவது மொழிக்கலப்பில் பிறந்த பேச்சு, தனிமொழியாகையால், அதை அவர்களிடமே கேட்டுத் தனி அட்டையில் எழுத வேண்டும்.

தமிழ் எழுத்தில் மட்டும் குறித்துக்கொள்வது பெருந்தவறு. அரபில் தண்ணீரைக் குறிக்கும் சொல்லும் தமிழில் எழுதினால் ‘மா’வாகத்தான் தெரியும், அதன் இறுதியில் தொண்டையில் நின்றுபோகும் மெய்யொலிக்கு நம்மிடம் எழுத்தில்லை. தாயைக் குறிக்கும் இந்திச் சொல் மூக்கொலியுடன் முடிகிறது. இத்தாலியத்தில் ‘ஆனால்’ என்றும் ஹங்கேரியத்தில் ‘இன்று’ என்றும் பொருள்படும் சொற்களில் உயிர் குறுகியே ஒலிப்பதால், அவற்றை ‘ம’ என்று எழுதுவதே பொருத்தம். வியட்நாமிய மொழியிலோ குரலின் ஏற்ற இறக்கமே சொல்லைத் தீர்மானிக்கிறது: ஆறு தொனிகளுக்கேற்ப அது பேய், தாய், ‘ஆனால்’, கல்லறை, குதிரை, நெல்நாற்று என்று ஆறு வெவ்வேறு சொற்களாகிறது. ஆகவே அந்தந்த மொழியின் எழுத்தையும் அட்டையில் எழுதிவைத்து, முடிந்தால் ஒலியையும் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இனி, பலரும் வழுக்கி விழும் இடத்துக்கு வருவோம். சீன மொழியில் தாழ்ந்து எழும் தொனியில் சொல்லப்படும் ‘மா’ குதிரையைக் குறிக்கும். பழந்தமிழ் ‘மா’வும் குதிரையைக் குறிக்கும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் இதைக் கொண்டு இரு மொழிகளும் உறவு என்று எழுதிவந்தபோது, நானும் மகிழ்ந்து ‘சரி’ அடையாளம் இட்டுவிட்டேன். அது என் பிழை. இத்தனை குறுகிய சொற்கள் தற்செயலாக ஒத்துப்போவது மிக எளிது. உறவு என்று சொல்வதற்குப் பல சொற்களில் ஒரே ஒழுங்கில் ஒலிகள் ஒத்துவர வேண்டும், அல்லது சொல் பயணம் செய்த வழி தெரிய வேண்டும். தாயைக் குறிக்கும் சொற்கள் பல மொழிகளில் மகர ஒலியுடன் வருவதும் உறவுக்குச் சான்றாகாது. இதழ்களை மூடித் திறந்தாலே பிறக்கும் அந்த ஒலி, குழந்தையின் வாயில் முதலில் வருவனவற்றுள் ஒன்று. ஜோர்ஜிய மொழியில் ‘மாமா’ என்பது தந்தை. நமக்கு அவர் தாயின் உடன்பிறந்தவர். குறுக்கி ‘மம’ என்றால் சிங்களத்தில் ‘நான்’.

வழி தெரிந்த சொல்லுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் மாமரத்தடிக்கே திரும்ப வேண்டும். மாங்காய் என்ற சொல் தென்னிந்தியக் கரையில் போர்த்துக்கேயரின் காதில் விழுந்து, அவர்கள் வாயில் ‘மங்கா’ ஆகி, பின்னர் ஆங்கிலத்தில் ‘மாங்கோ’ ஆயிற்று. பக்கத்திலேயே இருக்கும் சிங்களத்தில் அது ‘அம்ப’; வடமொழி ‘ஆம்ர’த்தின் வழிவந்தது. அடுத்த வீட்டுச் சொல் வேறாகவும் கடல் கடந்த சொல் ஒன்றாகவும் இருக்கக்கூடும் என்பதால், அட்டையில் ‘பொருள்’ என்ற கட்டத்தையும் ‘தோற்றம்’ என்ற கட்டத்தையும் பிரித்தே வைத்திருங்கள். முதலாவதை வாக்கியம் கிடைத்த அன்றே நிரப்பலாம். இரண்டாவதை நம்பத்தக்க சொற்பிறப்பு அகராதி ஒன்றைப் பார்த்த பிறகே நிரப்ப வேண்டும், அதுவரை வெறுமையாகவே விட்டுவிடலாம்.